வால் என்ன நிறம்

கீச்சான் ஒரு பொல்லாத பறவை. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, மைனாவைவிடச் சிறியது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, அந்த வட்டாரத்துக்கே தான்தான் காவல் என்பதுபோல முள்மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். வெட்டுக்கிளியைப் பிடித்தால் பல நேரம் உடனே தின்னாது. முள்ளில் குத்தி வைத்துவிட்டு, பசிக்கும்போது வந்து சாவகாசமாகச் சாப்பிடும். அதெல்லாம் வெட்டுக்கிளியின் கவலை. பறவை பார்க்கிற மனிதர்களின் கவலை வேறு. கீச்சான்களில் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றைப்போல ஒன்று இருக்கிற வகைகள் உண்டு. அதே பட்டை, அதே கொக்கி அலகு, அதே முறைப்பு. இது எந்த வகை என்று அடித்துச் சொல்வதற்குள் தலை நரைத்துவிடும்.

கண்ணாயிரத்துக்கு நரைத்துவிட்டது. கண்ணாயிரம் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல, அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். வெறும் நிலத்தில் மின்கம்பமோ சூரியத் தகடுகளோ நடுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கணக்கெடுத்துத் தருகிற சிறிய நிறுவனம் ஒன்றில் அவர்தான் மூத்த கணக்கெடுப்பாளர். சருகோடு சருகாகப் படுத்திருக்கும் பக்கிப் பறவையை, ஓடுகிற ஜீப்பில் இருந்தபடியே கை நீட்டிக் காட்டுவார். மற்றவர்கள் இறங்கி, நடந்து, அதை மிதிக்கிற தூரத்துக்கு வந்த பிறகும் "எங்க சார்? எங்க சார்?" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த மனுஷனுக்கு ஆயிரம் கண் என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராகிவிட்டது.

அந்த ஆயிரம் கண்ணில் ஒன்றுக்குக்கூடச் சிவப்பு தெரியாது. அதுதான் இந்தக் கதை.

சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவருக்கு ஒரே சட்டியில் கலக்கிய சாயம். அதற்குப் பதிலாக வெளிச்சம், நிழல், உருவம், அசைவு என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் பக்கியைச் சருகின் நிறத்தில் தொலைத்தார்கள். இவரை நிறம் குழப்பவில்லை, அதனால் உருவம் பளிச்சென்று தெரிந்தது. இதில் பெருமைப்பட்டுக்கொள்ள இடமிருக்கிறதுதான். ஆனால் யாரிடம் போய்ப் பெருமைப்படுவது? வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும்.

இளவயதில் ரயில்வே வேலைக்கு முயன்றார். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தேறிவிட்டது. கடைசியாகக் கண் பரிசோதனை. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளி.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் புள்ளிதான். பின்னால் வரிசையில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய நம்பர் தெரியவில்லையா என்று ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. "வாயில வந்த நம்பரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று எரிந்து விழுந்தார். அந்தச் சிரிப்பை முதுகில் சுமந்துகொண்டுதான் கண்ணாயிரம் அதற்குப் பிறகு வாழ்ந்தார். எந்த வேலைக்குப் போனாலும் தன் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரே ஓர் ஆளிடம் அது எடுபடவில்லை. மனைவி தையல்காரி. கல்யாணமான புதிதில் ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, இதற்குச் சேர்கிற மாதிரி நூல் வாங்கி வரச் சொன்னாள். அரக்குச் சிவப்புத் துணிக்குப் பாசிப் பச்சை நூலோடு வந்து நின்றார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார் என்று திருப்பி அனுப்பினாள். மறுபடியும் பச்சை நூலோடு வந்தார். இந்தத் தடவை தானே பார்த்துப் பொறுக்கியதாகப் பெருமை வேறு பேசினார். அவள் நூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இது ரெண்டும் உங்களுக்கு ஒண்ணாவா தெரியுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. நூலை வாங்கி வைத்துவிட்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாள். அதற்காகவே அவளை அவருக்கு அன்றைக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவருடைய சட்டைக் காலருக்கு உள்ளே அவள் அடையாளம் தைக்க ஆரம்பித்தாள். பச்சைக்குப் பெருக்கல் குறி, சிவப்புக்குச் சின்ன வட்டம். பறவைக்குக் காலர் கிடையாதே! அதற்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள். குரல், வடிவம், பறக்கிற தோரணை, வாலை ஆட்டுகிற விதம் இதையெல்லாம் வைத்துப் பெரும்பாலான பறவைகளை அவர் களத்திலேயே பிரித்துவிடுவார். நிறத்தைப் பார்த்தால்தான் ஆயிற்று என்கிற பறவைகளைப் படம் எடுத்து, அலுவலகத்தில் யாருக்கும் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வருவார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்ப்பாள். பறவையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அவளுக்கு எல்லாமே குருவி. கழுகுகூடப் பெரிய குருவிதான். ஆனால் நிறம் என்றால் புலி. "முதுகு பழைய சாக்கு கலர். வயிறு, பால்ல ஒரு சொட்டு டீ விட்ட மாதிரி" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் வகையைச் சொல்வார். கண்ணாயிரம் கண்ட பறவை என்று அறிக்கைகளில் அச்சானவற்றில் பாதி, அந்தத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கண்டவைதான். ஒன்றுகூடத் தவறியதில்லை.

கீச்சானில் தவறியது.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி வெளியூர் போயிருந்த சமயம். நிறுவனம் ஒரு முள்காட்டில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. சூரியத் தகடுகள் வரப்போகிற இடம், சுற்றிலும் ஏற்கெனவே முள்கம்பி வேலி போட்டாயிற்று. குளிர்காலத்துக்கு வந்து தங்கும் கீச்சான் ஒன்று அந்தக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. எல்லா இடத்துக்கும் வருகிற பழுப்புக் கீச்சானா, அந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வமான செவ்வால் கீச்சானா? செவ்வாலில் ஆணாக இருந்தால் இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். வெள்ளை அவருக்கு நன்றாகவே தெரியும். இதுவோ பெண். பொட்டு இல்லை, முகத்துப் பட்டையும் மங்கல். விலாவில் மெல்லிய வரிகள். அது இரண்டு வகைக்கும் பொது. மிச்சமிருப்பது ஒன்றுதான். முதுகும் வாலும் ஒரே பழுப்பாக இருந்தால் பழுப்புக் கீச்சான். முதுகு மணல் நிறத்தில் இருந்து, வால் மட்டும் செங்கல்போலத் தனியாக எடுத்துக் காட்டினால் செவ்வால். கண் இருக்கிற யாரும் சொல்லிவிடலாம்.

கண்ணாயிரம் கிட்டத்தில் போய், நல்ல வெயிலில் படம் எடுத்தார். மனைவியின் போன் கீழே விழுந்து உடைந்திருந்ததால் மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்பி, அவளிடம் காட்டச் சொன்னார். முதுகும் வாலும் ஒரே நிறமா, வேறு வேறா என்று கேட்டிருந்தார். "ஒரே கலர்தான். குழந்தை தூங்குது, அப்புறம் பேசறேன்" என்று பதில் வந்தது. பழுப்புக் கீச்சான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளையின் படத்துக்காகக் காத்திருந்தார்.

அதே பறவையை, அதே கம்பியில், அவருடைய உதவியாளரும் பார்த்திருந்தாள். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டுப் பறவைமேல் இருந்த பைத்தியத்தால் இந்த ஒப்பந்த வேலைக்கு வந்தவள். தாயும் மகளும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். நிறுவனத்தில் இருந்த ஒரே நல்ல காமிரா கண்ணாயிரத்திடம் இருந்தது. அவளிடம் ஒரு பழைய பைனாகுலரும் இரண்டு கண்ணும்தான். அவள் செவ்வால் கீச்சான் என்று எழுதிக் கொடுத்தாள்.

மேலாளருக்குக் காக்காயைத் தவிர மற்ற பறவையெல்லாம் தலைவலி. அபூர்வமான பறவை என்றால் இன்னும் பெரிய தலைவலி. குளிர்காலம் முடியும்வரை இன்னொரு சுற்றுக் கணக்கெடுக்க வேண்டும், வேலை தள்ளிப்போகும், நிலத்துக்காரர்கள் குதிப்பார்கள். இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரே இடம், ஒரே பறவை. ஆளுக்கொண்ணு சொன்னா நான் யாரை நம்பறது?"

"வால் நல்லா சிவப்பா இருந்தது சார்" என்றாள் உதவியாளர். "எனக்குச் சந்தேகமே இல்ல."

மேலாளர் கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கேர்ந்து பாத்தீங்க?"

"கிட்டத்துலதான். நடுவுல ஒரு செடிகூட மறைக்கல."

"வெளிச்சம்?"

"எனக்குப் பின்னால வெயில். அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. முதுகும் வாலும் ஒரே நிறம்."

குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஆயிரம் கண்ணுக்காரர் பேசும்போது இருக்கவேண்டிய கண்டிப்பு. அவ்வளவு நம்பிக்கை அவருக்கு, மனைவியின் கண்மேல்.

"பேர் வாங்கறதுக்காக இல்லாத பறவையெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார் மேலாளர் உதவியாளரிடம். "இப்ப நீ எழுதின மத்ததையும்ல சந்தேகப்பட வேண்டியிருக்கு? ஒப்பந்தம் முடியப்போகுது. நீட்டிக்கிறதா வேண்டாமான்னு யோசிக்கணும்."

அவள் கண்ணாயிரத்தை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வழி தெரியாதவள் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

சில நாள் கழித்து மனைவி போன் செய்தாள். பேரன் ஆங் ஊங் என்கிறான், மகளுக்குத் தூக்கமில்லை என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, அந்தக் குருவிப் படம் அனுப்பினீங்களே, அதைப் பத்தி எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"அது அப்பவே குடுத்தாச்சே. ஏன்?"

"அன்னைக்கு மாப்பிள்ளை போன்லதானே பாத்தேன். கண்ணு கூசாம இருக்க அதுல ஸ்கிரீனை மஞ்சளா மாத்தி வெச்சிருக்காராம். குழந்தை தூங்கற ரூம், பகல்லயும் இருட்டு, அதனால அப்படியே விட்டுட்டார். எனக்கு அது தெரியாது. படம் முழுக்க டீ கொட்டின மாதிரி இருந்தது. சரி, குருவியே அப்படித்தான் போலன்னு நினைச்சேன். இன்னைக்கு என் போன் ரிப்பேராகி வந்தது. படத்தை மாப்பிள்ளை அதுக்கு அனுப்பிக் குடுத்தார். அதுல பாக்கறேன்..."

கண்ணாயிரம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "சொல்லு."

"முதுகு மணல் கலருங்க. வால் செங்கல். நல்ல புதுச் செங்கல்."

உதவியாளரின் முகம் அவர் கண் முன்னால் வந்து நின்றது. மேலாளர் அறையில் நடந்ததை மனைவியிடம் சொன்னார். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றும். அவர் அந்த வழியைத் தானே அடைத்து வைத்திருந்தார். கிட்டத்தில் பார்த்தேன், நல்ல வெளிச்சம், மறைப்பே இல்லை என்று ஆணியடித்த மாதிரி சொல்லியாயிற்று. அப்படிப் பார்த்தும் செங்கல் வாலைப் பழுப்பு என்று சொல்கிறவன் ஒன்று பொய்யன், இல்லையென்றால் குருடன். பொய்யன் என்றால் வேலை போகும். குருடன் என்றால் வேலையோடு, இத்தனை வருஷம் எழுதின பறவைகளும் போகும். நிறம் தெரியாதவனின் பறவைகளை எவன் நம்புவான்? அவர் பேரைச் சொல்லி அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

"உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. அந்த ரயில்வே டாக்டர் முன்னாடி நின்னவன் நான்."

"இப்ப அந்தப் பொண்ணு நிக்குதே."

அவர் போனை வைத்துவிட்டார். எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அவள் பேச்சைப் பாதியில் வெட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த மாலை அவர் செய்ததைச் சொன்னால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். முன்னறையில் ஆணி அடித்த பலகையில் மனைவியின் நூல்கண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே அவருக்காக அவள் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். செங்கல் நிறம் என்று எழுதியிருந்த கண்டையும், பழுப்பு என்று எழுதியிருந்த கண்டையும் கழற்றினார். காமிராவில் கீச்சான் படத்தைப் பெரிதாக்கி, வாலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று. விளக்கைக் கூட்டினார், ஜன்னல் பக்கம் கொண்டு போனார், ஒரு கண்ணை மூடினார். மனைவிக்கு இந்தத் தடவையும் தவறியிருக்கக் கூடாதா, பழுப்பாகவே இருந்துவிடக் கூடாதா என்று கண்ணில் நீர் வரும்வரை பார்த்தார். நூல்கண்டுகள் மேஜையில் உருண்டு இடம் மாறின. எது எந்த ஆணியில் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. அப்போது உடைந்து அழுதார்.

படத்தை அழித்துவிடலாம் என்றும் தோன்றியது. மனைவியிடம் இருப்பது யாருக்குத் தெரியும்? பொத்தானை அமுக்கினார். அழிக்கலாமா என்று காமிரா கேட்டது. ஆமாம் என்பது சிவப்பாம், வேண்டாம் என்பது பச்சையாம். இடது, வலது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கட்டைவிரல் இடது பக்கம் போய் நின்றது. அவர் அழிக்கவில்லை. நல்லவர் என்பதால் அல்ல. அதற்கும் அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வேலை தொடங்கும் முன்பே வேலிக்குப் போய் நின்றார். கீச்சான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டால் குளிர்காலம் முழுக்க அந்த இடத்தை விடாது. தினமும் அங்கேயே இருந்தது. கம்பியின் முள்ளில் ஒரு வெட்டுக்கிளியைக் குத்தி வைத்திருந்தது. அலகின் பருமனைப் பார்த்தார், வாலின் நீளத்தைப் பார்த்தார், அது தரையில் இறங்கி இரை எடுக்கும் விதத்தைப் பார்த்தார். நிறத்தை விட்டுவிட்டு இது செவ்வால்தான் என்று நிரூபிக்க ஏதாவது ஒன்று கிடைத்தால், அதைச் சொல்லி உதவியாளரையும் காப்பாற்றி, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. மேலாளர் முன்னால் வைத்தால் ஒரு தடவை ஊதினால் பறந்துபோகிற ஆதாரங்கள். முள்ளில் குத்தின வெட்டுக்கிளியின் கால் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் நேரம் நெருங்கியபோது அவர் ஒரு தந்திரம் செய்தார். தந்திரம் என்பது பெரிய வார்த்தை. முழுகுகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடித்த கதை. மேலாளரையே களத்துக்கு அழைத்தார்.

"எதுக்கு? நீங்க சொன்னா போதாதா?"

"நீங்க ஒரு தடவை நேர்ல பாத்துட்டா அந்தப் பொண்ணு மனசும் ஆறும் சார்."

மேலாளருக்குப் பறவை தெரியாவிட்டாலும் கண் தெரியும். பார்த்ததும், "என்ன சார், வால் சிவப்பா இருக்கே" என்பார். "அட, ஆமா! எனக்கும் வயசாகுது பாருங்க" என்று சிரித்துச் சமாளித்துவிடலாம். வயசு ஆகாதவர் யார்? உதவியாளருக்கு வேலை நிற்கும், தனக்கு மானம் நிற்கும். ஜீப்பில் போகும்போது இதை மனதுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்தார். அட, ஆமா என்பதை எந்தத் தொனியில் சொல்வது என்பதுவரை.

மேலாளர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். உதவியாளர் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கீச்சான் சொல்லி வைத்த மாதிரி கம்பியில் இருந்தது. வெயில் அவர்களுக்குப் பின்னால். மேலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அதன்மேல் பைனாகுலரை வைத்துப் பார்த்தார்.

"ம். பழுப்பாத்தான் இருக்கு."

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க சார்" என்றார் கண்ணாயிரம்.

"வெயில்ல கண்ணாடி இல்லேன்னா எனக்குத் தலை வலிக்கும். நான் பாத்து என்ன ஆகப்போகுது?" பைனாகுலரை உதவியாளரிடம் நீட்டினார். "நீ பாத்து சொல்லும்மா. இப்பவும் சிவப்புங்கறியா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கீச்சான் தரையில் குதித்து எதையோ கொத்திக்கொண்டு, வாலை விரித்தபடி மறுபடியும் கம்பிக்கு வந்தது. சொல்லு தாயே, சொல்லிவிடு, என்று கண்ணாயிரம் மனதுக்குள் கெஞ்சினார்.

அவள் பைனாகுலரை இறக்கினாள். "ஒரே நிறம்தான் சார். நான்தான் தப்பா பாத்துட்டேன்."

"அவ்வளவுதான்!" என்றார் மேலாளர். முகம் மலர்ந்துவிட்டது. "தப்பு யாருக்குத்தான் வராது? ஒத்துக்கிட்ட பாரு, அது போதும். ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்." நிலத்துக்காரர்களிடம் பேச வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு வேலை உண்டு, இவருக்கு மானம் உண்டு. கண்ணாயிரத்துக்கு ஒரு கணம் அப்பாடா என்றுகூட இருந்தது. பொய் சொன்னாலும் பிழைக்கத் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தூசியா?"

"இல்ல சார்." கையை எடுத்தாள். கண் சிவந்திருக்கவேண்டும், அவருக்கு ஈரம் மட்டும் தெரிந்தது. "இதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நான் கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன் சார். ஒரு புக்கை விரிச்சுக் காட்டினார். புள்ளி புள்ளியா, நடுவுல நம்பர். எல்லாத்தையும் சரியா படிச்சேன். கண்ணுல ஒண்ணும் இல்லம்மான்னு அனுப்பிட்டார்."

"அப்புறம் என்ன?"

"அப்புறமும் அந்த வால் எனக்குச் சிவப்பாத்தான் சார் தெரியுது. இப்பவும் சிவப்பாத்தான் தெரிஞ்சது. நீங்க தப்பா சொல்ல மாட்டீங்க. அப்போ எனக்குக் கண்ணுல இல்ல, வேற எங்கேயோதான் கோளாறு. இனிமே எந்தப் பறவையைப் பாத்தாலும் நான் எப்படி சார் நம்புவேன்?"

பிழைக்கத் தெரிந்து சொன்ன பொய் இல்லை அது. பார்த்ததைத் தானே இல்லை என்று ஆக்கிக்கொள்கிற அளவுக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். புள்ளிப் புத்தகம் முழுவதையும் படித்துத் தேறியவள், ஒரு எண்கூடத் தெரியாத தன்னை நம்பிக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

"உனக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. வால் சிவப்புதான்." தோளில் இருந்த காமிராவைக் கழற்றி, படத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். "எனக்குத்தான் தெரியாது."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இப்போது கோபம் வந்தது. அவர் அன்றைக்கு எதிர்பார்த்த கோபம்.

"இந்தப் படம் உங்ககிட்டயே இருந்ததா?"

"இருந்தது."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"தெரிஞ்சு சில நாளாச்சு. சொல்ல முடியல."

"என்னைப் பைத்தியமாக்கிட்டீங்களே சார்" என்றாள். ஜீப் பக்கம் திரும்பி, "சார், இங்க வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டாள். அவர் தடுக்கவில்லை.

மேலாளர் போனை மடக்கிக்கொண்டு வந்தார். என்ன விஷயம் என்றார். உதவியாளர் காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாயிரத்தைக் காட்டினாள். "அவரையே கேளுங்க."

கண்ணாயிரம் சொல்லிவிட்டார். மனைவியிடம்கூட அவர் இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளாகத்தான் கண்டுபிடித்தாள். "எனக்குச் சிவப்பு தெரியாது சார். பச்சையும் தெரியாது. பிறவியிலேர்ந்தே. வீட்டுல என் சம்சாரம் படத்தைப் பாத்துச் சொல்வா, நான் எழுதுவேன்."

மேலாளர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அது வேடிக்கை இல்லை என்று புரிந்ததும் இன்னும் பலமாகச் சிரித்தார்.

"கண்ணாயிரம்! இத்தனை வருஷமா எங்களுக்குப் பறவை பாத்துக் குடுத்தது உங்க வீட்டு அம்மாவா?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டெய்லரா அவங்க?"

தன் வேலை போயிற்று என்று அந்தச் சிரிப்பிலேயே கண்ணாயிரத்துக்குத் தெரிந்துவிட்டது. ரயில்வே வரிசையில் நின்றது போலத் தலையைக் குனிந்துகொண்டார். உதவியாளரின் சிரிப்பு இன்னும் பாக்கியிருந்தது. அதற்காகக் காத்திருந்தார்.

"சிரிக்காதீங்க சார்" என்றாள் உதவியாளர்.

கண்ணாயிரத்தின் பக்கம் அவள் திரும்பவில்லை. காமிராவை மேலாளரிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். "கண்ணாடியைத்தான் கழட்டிட்டீங்களே, வாலைப் பாருங்க" என்றாள்.